இது வேற வீடு

எங்கள் மாமாவோடு வீடு பார்க்கப் போவதைப் போல ஒரு தண்டனை உலகத்தில் கிடையாது. நான் சொல்வதை நம்பலாம். வீடு மாறுகிறவர்களின் சாமான்களைச் சின்ன வேனில் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. அழுதுகொண்டே வீட்டைக் காலி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசலிலேயே சண்டை போட்டுக்கொண்டு குடிபுகுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கதவு திறந்ததும் வீட்டுக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராகப் போய்ச் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்கிற ஆள் ஒருவர்தான். அவர் என் அக்கா புருஷன்.

மாமா பெயிண்டர். மற்றவர்கள் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். இவர் மூன்றாவது கோட்டிங் அடிக்காமல் ஏணியை விட்டு இறங்க மாட்டார். கேட்டாலும் அடிப்பார், கேட்காவிட்டாலும் அடிப்பார். அதனால் அவருக்குப் பெயரே 'மூணு கோட்டிங்' என்றாகிவிட்டது. வேலை நன்றாக இருக்கும், மறுப்பதற்கில்லை. அந்த வேலையால் குடும்பத்துக்கு என்ன நன்மை என்று கேட்டால் மட்டும் அக்கா முறைப்பாள்.

இந்த முறை வீடு தேடியது பாப்பாவுக்காக. பாப்பா என்றால் அக்கா மகள், எட்டாவது முடித்தவள், என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். நாங்கள் இருந்த பக்கத்துப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். அவள் யாரிடமும் சொல்லாமல் நகரத்துக்குள் இருக்கும் பெரிய உயர்நிலைப் பள்ளிக்குப் பரீட்சை எழுதி, இடமும் வாங்கிவிட்டாள். தலைமை ஆசிரியை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள நடந்து வர்ற தூரத்துல குடி வந்துடணும். எங்க அட்டெண்டர் நேர்ல வந்து பார்ப்பார். நீங்க வரலைன்னா, இடத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கிற பிள்ளை நிறைய இருக்கு" என்றார். கறாரான அம்மாள். ஆனால் அநியாயமாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தால் முதல் வகுப்பு முடிந்து போயிருக்கும். அக்காவுக்கு பேக்கரியில் வேலை. விடிவதற்கு முன்பே அடுப்புப் பக்கம் நிற்க வேண்டும். பிள்ளையை யார் கொண்டுவந்து விடுவது?

ஆக, பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

முதலில் பார்த்தது பள்ளிக்கூட வாசலுக்கு எதிரிலேயே இருந்த கீழ்வீடு. மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்தான் சொந்தக்காரி. வராந்தாவில் நிற்க வைத்தே விசாரணையை ஆரம்பித்தார்.

"எத்தனை பேரு?"

"மூணே பேரும்மா" என்றாள் அக்கா. பேக்கரி உடுப்பை மாற்றி, தலைவாரி, பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

"சுவத்துல ஆணி அடிப்பீங்களா?"

"தொடவே மாட்டோம்மா."

"சொந்தக்காரங்க வந்து தங்குவாங்களா?"

"இவன் ஒருத்தன்தான்" என்று என்னைக் காட்டினாள். "இவனும் வந்தா உக்கார மாட்டான்."

நானும் தலையை ஆட்டினேன். என்ன செய்வது, பிள்ளை படிப்பு. அந்த அம்மாள் முகம் கொஞ்சம் இளகியது. எங்களுக்குப் பின்னால் இன்னொரு புருஷனும் பெண்சாதியும் அதே வீட்டைப் பார்க்க வந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து டொக், டொக் என்று சத்தம். அக்காவின் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது.

"ஏம்மா, இது போன வருஷம் நான் அடிச்ச சுவரு" என்று மாமா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "குழாய் ஒழுகுது, அதைச் சரி பண்ணாம அடிக்காதீங்கன்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மூடுனா போதும்னீங்க. இப்போ தட்டுனா பொத்துன்னு கேக்குது. ஒரு மழை வந்தாப் போதும், ஊறிக்கிட்டு வந்துடும். யாருக்கு விட்டாலும் சொல்லிட்டு விடுங்கம்மா, பாவம்."

பின்னால் நின்றவர்கள் சத்தமில்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்கள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு கேட்டைக் காட்டினார்.

தெருவுக்கு வந்ததும் அக்கா வெடித்தாள். "நாம அங்க குடியிருக்கப் போனோமா, சுவத்துக்கு வைத்தியம் பாக்கப் போனோமா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் சொல்லச் சொல்லலை. சும்மா இருக்கச் சொல்றேன். வாய மூடிட்டு இருக்கறதும் பொய் சொல்றதும் ஒண்ணா?"

மாமா யோசித்தார். நிஜமாகவே நின்று யோசித்தார். "பிள்ளை படுக்கிற ரூம்ல ஈரம் இருந்தா சளி புடிக்கும்ல" என்றார் கடைசியில். இந்த மனிதரை என்ன செய்வது? வேனில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினாள் அக்கா. என் வேன் கதவு.

பிறகு ஒரு புரோக்கர் கிடைத்தார். இரண்டு காதுக்கும் இரண்டு போன் வைத்திருந்தவர். "பள்ளிக்கூடத்துல இருந்து ரெண்டே நிமிஷ நடை" என்பதுதான் எல்லா வீட்டுக்கும் அவருடைய விளம்பரம். ஓட்டப்பந்தய வீரன்கூட அதை ரெண்டு நிமிஷத்தில் கடக்க முடியாது என்பது நடந்து செருப்பு தேய்ந்த பிறகு தெரிந்தது. ஒரு வீட்டில் கட்டில் போட்டால் கதவு திறக்காது, கதவு திறந்தால் கட்டில் போட முடியாது. இன்னொரு வீட்டில் எல்லாம் சரியாக வந்து, சொந்தக்காரர் கடைசியில், "வீட்டுக்காரர் என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னோம். "அப்போ ஏணி எங்க வைப்பீங்க?" என்றார். மாடிப்படிக்குக் கீழே வைக்கிறோம் என்றோம். "என் பில்டிங்ல ஏணி ஏறக் கூடாது" என்றார். ஏணி அவருக்கு என்ன துரோகம் செய்ததோ!

வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்க நெருங்க, 'வாடகைக்கு' என்று போர்டு தொங்கிய வீடெல்லாம் ஒவ்வொன்றாகப் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தன. பாப்பாவும் எங்களோடு நடந்தாள். பள்ளிக்கூட மதிலைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

அப்படித்தான் ஒரு நாள் அந்த மாடிவீடு அகப்பட்டது. பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்பக்கத் தெரு. ஜன்னலைத் திறந்தால் மைதானம் தெரிகிறது. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர், கீழே குடியிருக்கிறார். அவரே வாசலில் நின்று, "உள்ள போய்ப் பாருங்க, நான் வரலை. செருப்பைக் கழட்டாதீங்க" என்றார்.

செருப்பைக் கழற்றாமல் இருந்ததே நல்லது. முன்பு குடியிருந்தவர்கள் வீட்டுக்குள் என்ன செய்தார்களோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். சமையலறைச் சுவர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, ஹாலில் தோல் உரிந்து தொங்கும் பெயிண்ட், கூரையில் புகை. அதனாலேயே யாரும் எடுக்காமல் கிடந்திருக்கிறது, வாடகையும் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது.

மாமா தட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஹால், தட்டினார். அறை, தட்டினார். சமையலறையில் குனிந்து அடியில் தட்டினார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் பளபளத்தது.

"சுவரு கல்லு மாதிரி இருக்கு மச்சான். ஒரு பொட்டு ஈரம் இல்ல. எல்லாம் மேல் அழுக்குதான்!"

"அப்பாடா" என்று அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சொந்தக்காரர் தெளிவாகவே பேசினார். "இருக்கிறபடி எடுத்துக்கங்க. நான் ஒரு ஆணிக்கும் செலவு பண்ண மாட்டேன். என் மகன் ஊர்ல இருந்து வரட்டும், அக்ரிமெண்ட் போட்டுக்கலாம். வார்த்தைன்னா வார்த்தைதான்."

அத்தோடு விட்டிருக்கலாம். மாமா விடுவாரா? "அதுவரைக்கும் சும்மா பூட்டித்தானே வச்சிருப்பீங்க? சாவியைக் குடுங்க, நானே பெயிண்ட் அடிச்சுக்கறேன்" என்றார். சொந்தக்காரருக்குக் கசக்குமா? உடனே கொடுத்துவிட்டார்.

வழியெல்லாம் அக்கா சொன்னாள். "கையெழுத்து ஆகட்டுங்க. குடிபோய், சாமானை இறக்கி, அடுப்பைப் பத்தவச்சு, அப்புறம் ஆற அமர அடிங்க. இப்போ என்ன அவசரம்?"

"உனக்குத் தொழில் தெரியாது. சாமானை உள்ள வச்சுக்கிட்டு எப்படிச் சுரண்டுறது? பட்டி பாத்து உப்புத்தாள் போட்டா தூசி எங்கெங்க போய் உக்காரும் தெரியுமா? பாப்பா புஸ்தகத்துல, சோத்துல, தலையில. காலி வீடுதான் அடிக்க வீடு. எந்தப் பெயிண்டரை வேணா கேட்டுப் பாரு."

அது என்னவோ நிஜம்தான். எந்தப் பெயிண்டரும் அதையேதான் சொல்வான். பெயிண்டர் பேச்சைக் கேட்டால் பெயிண்டர் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதுதான் பிறகு தெரிந்தது.

அன்றைக்கே வேலை ஆரம்பித்துவிட்டது. முதலில் சுரண்டல். உரிந்த பெயிண்ட் செதில் செதிலாகத் தலையில் கொட்டியது. பிறகு பள்ளம் மேட்டுக்கெல்லாம் பட்டி போட்டு, அது காய்ந்ததும் உப்புத்தாள் தேய்ப்பு. நான் ஓட்டமில்லாத நேரத்தில் போய்த் தேய்த்தேன். மூக்குக்குள் எல்லாம் வெள்ளை. அக்கா பேக்கரி வேலை முடிந்ததும் ஓரம் உடைந்த பன்களைப் பையில் போட்டுக்கொண்டு நேராக அங்கே வந்துவிடுவாள். சோப்புத் தண்ணீர் வைத்துச் சமையலறையைத் தேய்ப்பாள். கை சிவந்து போகும். எல்லோரும் ஈரத்தரையில் காகிதம் விரித்து உட்கார்ந்து பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்போம். திட்டிக்கொண்டேதான் தின்பாள். ஆனால், "இங்க மேஜை போடலாம், பாப்பா இங்க படிக்கட்டும்" என்று நடுநடுவே சொல்வாள்.

உள்ளறைக்கு என்ன நிறம் என்று பாப்பாவைக் கேட்டார் மாமா. அவள் பச்சை என்றாள். "எந்தப் பச்சை?" "பச்சைன்னே தெரியக் கூடாது. ஆனா பச்சையா இருக்கணும்." நானாயிருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். மாமா ஒரு பகல் முழுக்க இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று கலக்கி, சுவர் மூலையில் தடவித் தடவிக் காயவிட்டு, கடைசியில் ஒரு நிறத்தைக் கொண்டுவந்தார். கடையில் கேட்டாலும் கிடைக்காது. அந்த அறைக்குள் போனால் வெயில் காலமே மறந்துவிடும்.

மூன்றாவது கோட்டிங் ஈரமாக இருக்கும்போது பாப்பா ஜன்னல் வழியாக மைதானத்தை எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே சுவரில் கையை ஊன்றிவிட்டாள். ஐந்து விரலும் பதிந்துவிட்டது.

"கண்ணை எங்கடி வச்சிருக்க?" என்று மாமா கத்தினார். பிறகு அவரே, "சரி சரி, அழாத. ஈரத்துல தொட்டா இன்னும் கெட்டுப் போகும். காயட்டும். சாமான் இறக்குற அன்னைக்கு ஒரு தேய்ப்பு தேய்ச்சு அடிச்சுடறேன்" என்றார். அதற்கென்று மிச்ச பெயிண்டை ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி இறுக மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் சொந்தக்காரர் தினமும் சாயங்காலம் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் செருப்போடு வந்தார். பட்டி காய்ந்த அன்றைக்குச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். அடுத்த நாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "அடடா, நம்ம வீடா இது!" என்று அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசி நாள், இஸ்திரி போட்ட சட்டை போட்ட ஒருவர், அவர் மனைவி, ஒரு பெண் பிள்ளை என்று மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "தெரிஞ்சவங்க. சும்மா பாக்க வந்தாங்க" என்றார். மாமா அவர்களுக்கு ஒவ்வொரு அறையாகச் சுற்றிக் காட்டினார்! இந்த மூலையில் எப்படிக் கோடு போல வந்திருக்கிறது பாருங்கள் என்று விளக்கு பிடித்துக் காட்டினார்!

அக்கா என் காதருகே வந்து, "எனக்கு மனசு சரியில்லடா" என்றாள்.

மறுநாள் காலையில், மகன் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் அக்ரிமெண்ட் போடப் போனோம். அக்கா லீவு போட்டிருந்தாள். சொந்தக்காரர் எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். இந்த மரியாதையெல்லாம் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டை வேற ஆளுக்குப் பேசியாச்சு. நேத்து வந்தாங்களே, அவங்கதான். அவங்க பொண்ணும் இதே ஸ்கூல்தான்."

"வார்த்தைன்னா வார்த்தைன்னு சொன்னீங்களே ஐயா" என்றாள் அக்கா.

"சொன்னேன். இல்லேங்கல. ஆனா நான் குடுக்கறேன்னு சொன்னது அந்த அழுக்கு வீட்டை. அது இப்போ எங்கம்மா இருக்கு? நீங்களே சொல்லுங்க. இது வேற வீடு. இதுக்கு அந்த வாடகை எப்படி ஆகும்?"

மனுஷன் பேசுகிற பேச்சா இது! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்தேன். மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"பெயிண்டுக்கு ஆன செலவை நான் குடுத்துடறேன்" என்றார் சொந்தக்காரர். அதோடு விட்டாரா? "என் தம்பி வீடு ஒண்ணு இருக்கு. அதையும் இதே மாதிரி அடிச்சுக் குடுக்க முடியுமா?"

அக்கா எழுந்து நின்றாள். "எங்க பிள்ளை படிக்கணும்னு என் கை தோலு உரியத் தேய்ச்சேன் ஐயா. நாளைக்கு அந்தச் சமையல்கட்டுல நின்னு ஒருத்தி சமைப்பா. அவ நல்லா இருக்கட்டும். ஆனா உங்களுக்கு அந்த வீட்டுக்குள்ள போறப்பெல்லாம் காலு கூசணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வேனில் ஏறியதும் பாப்பாதான் முதலில், "பரவால்லம்மா, நான் வேற எங்கயாச்சும் சேர்ந்துக்கறேன்" என்றாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூட மதில் ஓரமாக நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன். மதில் முடிகிற இடத்தில் மாமா வாயைத் திறந்தார்.

"அவரு அந்தச் சீலிங்கைச் சரியாப் பாக்கவே இல்ல மச்சான். ஒரு கோடு தெரியாம வந்திருந்துச்சு."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்கூட இல்லாதபோது என் வேனின் பிரேக் தேய்ந்து போனது. சனியன் பிடித்த பிரேக் என்று திட்டிக்கொண்டு பள்ளிக்கூடச் சந்தில் இருந்த மெக்கானிக்கிடம் விட்டேன். பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னேன். "மேல ஒரு ரூம் காலியாத்தான் கிடக்கு. பகல் பூரா சத்தம் கேக்கும், யாரும் நிக்க மாட்டேங்கறான்" என்றார். ஒரு பெரிய அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை. சுவர் கரிப்பிடித்து, யானை முதுகு மாதிரி இருந்தது.

அக்காவையும் மாமாவையும் அழைத்து வந்தேன். படியேறும் முன்பே அக்கா அவரை நிறுத்தினாள். "தட்டக் கூடாது. பேசக் கூடாது. கையைப் பாக்கெட்டுல விடுங்க." விட்டார். அறைக்குள் நின்றபோது அந்தக் கை பாக்கெட்டுக்குள்ளேயே துடித்தது.

"வேணும்னா ஒரு பெயிண்ட் அடிச்சுக்—" என்று மெக்கானிக் ஆரம்பித்தார்.

"வேண்டவே வேண்டாம்!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

அன்றைக்கே கையெழுத்தானது, பிரேக் சரியான கையோடு அன்றைக்கே சாமானும் ஏறியது. மாமாவின் ரோலரை அக்கா பிடுங்கி என்னிடம் கொடுத்து, "உன் வேன்லயே கிடக்கட்டும். நான் சொல்ற வரைக்கும் குடுத்தே, உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது" என்றாள். அட்டெண்டர் வந்தார். அடுப்பில் கொதிக்கிற சோற்றைப் பார்த்தார், பாப்பாவின் பையைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். படியிறங்கும்போது திரும்பி நின்று, "சுவரு ஏம்மா இப்படி இருக்கு? ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு அடிக்கக் கூடாதா?" என்று கேட்டார். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! எத்தனையோ நாளைக்குப் பிறகு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பள்ளிக்கூடம் திறந்து மழையும் ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் ஓட்டம் முடிந்து அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கீழே தகரத்தை அடித்து நிமிர்த்துகிற சத்தம். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பாப்பா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்து பையை இறக்கினாள்.

"பக்கத்துல உக்கார்ற பொண்ணு வீட்டுக்குக் கூப்பிட்டா. கணக்குப் போடப் போனேன்" என்றாள்.

"அவ வீடு எங்க இருக்கு?" என்றாள் அக்கா.

"அந்த வீடுதாம்மா."

அக்காவின் கத்தி நின்றது.

"எப்படி இருக்கு?" என்று மாமா கேட்டார். இந்த மனிதருக்கு வேறு கேள்வியே தோன்றாதா?

"நல்லா இருக்குப்பா. அவ ரூமு அதுதான், பச்சை ரூமு. அந்தக் கலருக்காகவே அவங்க அப்பாகிட்ட அடம் புடிச்சு அந்த வீட்டுக்கு வந்தாளாம்."

"எங்கப்பா அடிச்சதுன்னு சொன்னியாடி?" என்றாள் அக்கா.

"இல்ல." பாப்பா கணக்கு நோட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "ஜன்னலுக்குக் கீழ என் கை அப்படியே இருக்குப்பா. யாரு கைன்னு அவளுக்குத் தெரியாது. தினம் அது மேல அவ கையை வச்சுப் பாப்பாளாம். அவளோடது கொஞ்சம் சின்னது."

மாமா துள்ளி எழுந்தார். "ஐயையோ! அதை மறந்தே போனேனே. அந்த டப்பா எங்க?" கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, எதையெதையோ தள்ளி, டப்பாவை வெளியே இழுத்தார். "இந்தா, மிச்சம் இருக்கு. ஞாயித்துக்கிழமை போய் ஒரு தேய்ப்பு தேய்ச்சு அடிச்சுட்டு வந்துட்டா—"

"அந்த வீட்டுக்கா?" அக்கா வெங்காயத்தோடு எழுந்துவிட்டாள். "உங்களுக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அந்த ஆளு நம்மளைக் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளாத குறையா அனுப்புனான். அவன் வீட்டுக்கு இன்னொரு கோட்டிங்கா? ஓசியில? டேய், நீயாச்சும் கேளேண்டா இந்த மனுஷனை!"

"குறை இருக்கே. என் வேலையில குறை இருக்கே" என்றார் மாமா பாவமாக.

"வேணாம்ப்பா." பாப்பா டப்பாவின் மூடியில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "அதை அழிக்காதீங்க. அந்த வீட்ல நம்மளுதுன்னு அது ஒண்ணுதான் இருக்கு."

கீழே மெக்கானிக் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார். மாமா அவள் கையையே பார்த்தார், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"அதுல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்தான். இவ படுக்கிற பக்கம் மட்டும் வரும்."

அக்கா வாசற்படிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். மெக்கானிக் குனிந்து வேலையாக இருந்தார். திரும்பி வந்தாள்.

"டேய், அந்த ரோலரை எடுத்துட்டு வா" என்றாள் என்னிடம். பிறகு மாமாவைப் பார்த்து விரலை நீட்டினாள். "ஒரே ஒரு கோட்டிங். கேக்குதா? கதவைச் சாத்திக்கிட்டு அடிங்க."